சொல்லில்லாமல் திறந்த பெட்டி

— உந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டியை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாரும், தம்பி கிறகோரி. நீர்வேலியிலையிருந்து நடந்து வந்தனான்.

— கமலாவதி அம்மா, நேற்றும் சொன்னனான்தானே. நாங்கள் இஞ்சை வித்துப் பூட்டிக் குடுக்கிறது மட்டுந்தான். புரோகிராம் செய்தது கொழும்புக் கொம்பனி.

— எனக்கு விளங்கிறமாதிரிச் சொல்லும். கோப்பாயிலை டொக்டர் தியாகராசாவின்ரை கிளினிக்கிலை உந்தச் சாமானைக் கொண்டுவந்து வைச்சது ஆர்?

— நான்தான்.

— ரகசியச் சொல்லுத் தெரியாமல் ஒருத்தரும் நோயாளியளின்ரை விவரத்தைத் தொடேலாதெண்டு சொன்னது?

— அதுவும் நான்தான். எனக்கு அப்பிடித்தான் சொல்லித் தந்தவங்கள்.

— பிறகெப்பிடி என்ரை தவநேசனுக்குத் துவக்குச்சூடெண்டு அதிலை வந்தது? வாழைத்தோட்டத்திலை வோட்டர்பம்பின்ரை பெல்ட் இழுத்துக் கை கிழிஞ்ச பிள்ளை. டொக்டர்தான் தைச்சவர். அவர்தான் பெட்டியிலை பதிஞ்சவர்.

— தெரியும் அம்மா.

— சூடுபட்ட ஆரோ ஒருத்தன் உள்ளுக்கை போய்த் தன்ரை பேரை எடுத்திட்டு என்ரை பிள்ளையின்ரை பேரைப் போட்டிருக்கிறான். ஆமி வந்து அதைப் பார்த்திட்டுப் பிள்ளையைக் கொண்டுபோட்டாங்கள்.

— டொக்டர் ஆமிக் காம்புக்குப் போய்ச் சொல்லேல்லையோ?

— சொன்னவர். மெஷின் பொய் சொல்லாது, நீதான் சொல்லுறாய் எண்டு அவரைக் கலைச்சுப்போட்டாங்கள். பிள்ளையின்ரை கையைப் பார்க்கச் சொன்னால், தழும்பு தழும்புதானாம். இப்ப நீர் சொல்லும். அந்தச் சொல்லுத் தெரியாமல் உள்ளுக்கை போகலாமோ?

— அம்மா, அது வந்து...

— போகலாமோ, ஏலாதோ?

— போகலாம். சொல்லைக் கேக்கேக்கை ஒண்டும் தட்டாமல் ஒரு பட்டனை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் திறந்திடும். செய்தவங்கள் தங்கடை வசதிக்கு விட்ட வழி. விக்கேக்கை அடைக்க மறந்திட்டாங்கள்.

— மறந்திட்டாங்கள். எவ்வளவு லேசாய்ச் சொல்லுறீர்!

— அப்புக்காத்தர் செல்வநாயகத்தாரைக் கேட்டுப் பார்த்தனீங்களோ? வழக்கு ஏதும்...

— கேட்டனான். உங்கடை புரோகிராம் டிஸ்க்கோடை ஒரு துண்டுக் கடுதாசி கிடக்காம். டிஸ்க் உறையைக் கிழிச்சவுடனை, என்ன நடந்தாலும் செய்தவன் பொறுப்பில்லை எண்டு ஒத்துக்கொண்டமாதிரியாம். இந்த எண்பத்தெட்டாம் ஆண்டு வரைக்கும் உதுக்கெண்டு நாட்டிலை ஒரு சட்டமும் எழுதேல்லையாம். ஏன் தம்பி, என்ரை பிள்ளையோ உறையைக் கிழிச்சவன்?

— இல்லை அம்மா.

— பம்பு வித்தவங்கள் கை கிழிஞ்சதைக் கேள்விப்பட்டு அப்பவே வீட்டை வந்தவங்கள். பெல்ட்டுக்குப் புது மூடி போட்டு, பிள்ளையின்ரை கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டிட்டுப் போனவங்கள். உங்கடை கொம்பனி என்ன செய்தது?

— ஆரோடையும் கதைக்க வேண்டாமெண்டு எனக்கு எழுதியிருக்கு.

— சரி. வழக்கு வேண்டாம். ஒருத்தனையும் தண்டிக்கவும் வேண்டாம். நீர் ஒருக்கா என்னோடை கிளினிக்குக்கு வாரும். காம்புப் பெரியவனை நான் கூட்டியாறன். வாசல்லை விழுந்து கிடந்தெண்டாலும் கூட்டியாறன். அவன்ரை கண்ணுக்கு முன்னாலை, சொல்லில்லாமல் திறந்து காட்டும். அது காணும்.

— ஏலாது அம்மா.

— ஆமிக்குப் பயமோ?

— பயந்தான். அதுக்காக வராமல் விடமாட்டன்.

— கொம்பனி வேலையாலை நிப்பாட்டிப்போடுமோ?

— நிப்பாட்டட்டும்.

— அப்ப என்ன தடை? பிள்ளையை நாளைக்கு வேறை காம்புக்கு மாத்தப் போறாங்களாம். எந்தக் காம்பெண்டு கேட்டாலும் சொல்லுறாங்களில்லை. பிறகு நான் எந்த வாசல்லை போய் நிக்கிறது? என்ரை ராசாவெல்லே, கும்பிட்டுக் கேக்கிறன். எழும்பும்.

— ஐயோ, காலைத் தொடாதேங்கோ. எழும்புங்கோ அம்மா, எழும்புங்கோ. நான் சொல்லுறன். உங்கடை பிள்ளையைக் கொண்டுபோனது காதிலை விழுந்தவுடனை, இன்னொரு தாய்க்கு இப்பிடி வரக்கூடாதெண்டு, கொம்பனி அனுப்பின புது டிஸ்க்கைக் கொண்டு ஓடிப்போய்ப் பழசுக்கு மேலை பதிஞ்சுபோட்டன். அந்த வழியை முந்தாநாளே அடைச்சாச்சு அம்மா. இனிப் பெரியவன் வந்து பார்த்தால், ஒரு பிழையும் இல்லாத பெட்டியைத்தான் பார்ப்பான்.