பதிப்பு எண் இல்லாத புகார்

மேசையில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது, சார். புகார்ப் பட்டியலும் அப்படித்தான்.

எங்கள் மென்பொருள், சர்க்கரை நோயாளிகள் உடம்பில் மாட்டிக்கொள்ளும் இன்சுலின் பம்ப்பை இயக்குவது. இலவசம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். சம்பளமில்லாமல் ஐந்து பேர் பார்த்துக்கொண்டோம். நானூறு புகார்கள் குவிந்தபோது நான்தான் விதிகளை எழுதினேன். பதிப்பு எண் வேண்டும். கோளாறு இரண்டாம் முறை நடந்ததற்குப் பம்ப்பின் பதிவு வேண்டும். கேட்டதற்குப் பதினான்கு நாள் பதில் இல்லையென்றால் புகார் மூடப்படும்.

ஐவரில் ஒருவர் மருந்தாளுநர். எங்கள் எல்லோருக்கும் அக்கா. வீடியோ கூட்டத்தில் அவர் மட்டும் முறைத்தார்.

“டோஸ் விஷயத்துக்கு இது வேண்டாம்ப்பா. ரெண்டாவது தடவைக்கு ஆள் இருக்கணுமில்ல?”

“ஒண்ணுக்கு விலக்கு குடுத்தா எல்லாரும் வரிசையில நிப்பாங்கக்கா.”

“அடுத்தவங்க வீட்டு வாசல்லயும் செருப்பை நேரா வைக்கிற ஆளு நீ. உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?”

சிரித்தார்கள். நான்குக்கு ஒன்று; விதி நிறைவேறியது.

அடுத்த வாரம் ஒரு தச்சர் எழுதினார். பேட்டரி மாற்றியதும் மகளுக்கு டோஸ் இரண்டு முறை ஏறிவிட்டது, சர்க்கரை கொடுத்துத் தேற்றினோம் என்று. என் மேசையில் ஒரு பம்ப் உண்டு. பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். இரண்டு முறை ஏறியது. மறுபடி மாற்றினேன். மறுபடி இரண்டு. மென்பொருளில் அந்தப் பகுதியை எழுதியவன் நான். புதிய பதிப்பு வெளிவர மூன்று வாரம் இருந்தது. பட்டியல் காலியாக இருந்தால்தான் வெளியிடுவோம்.

பம்ப்பைத் துடைத்து இழுப்பறையில் வைத்தேன். மீண்டும் நிகழ்ந்தால் பதிவு அனுப்பவும் என்று எழுதினேன்.

“அடுத்த தடவை பம்ப்பைக் கழட்டி வச்சிட்டு பேட்டரி மாத்தவா சார்? பயமா இருக்கு” என்று கேட்டிருந்தார்.

வழக்கமாக எப்படி மாற்றுவீர்களோ அப்படியே மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது என்றேன். மரியாதையாகத்தான்.

ஐந்தாம் நாள் பதிவு வந்தது. இரண்டு டோஸ், தெளிவாக. கீழே ஒரு வரி: “நீங்க சொன்னபடியே செஞ்சோம் சார். பொண்ணு எழுந்திரிக்கல.”

பதிப்பு எண் இல்லை. கேட்டு எழுதினேன். பதினான்கு நாள் காத்திருந்தேன், ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. பதினைந்தாம் நாள் மூடினேன். பட்டியல் காலி. பதிப்பு வெளியானது.

அக்கா என்னோடு பேசுவதில்லை. அவருக்கு என்ன கோபமென்று புரியவில்லை. அந்தத் தச்சர் இன்றைக்குப் பதிப்பு எண்ணை அனுப்பினாலும், புகாரை உடனே திறந்துவிடுவேன், சார்.