யூனிஸ் சாப்பிடாத காரணம்

என் தங்கை யூனிஸுக்கு வஞ்சிர மீன் என்றால் உயிர், சார். அவளுக்காகவே சிவாஜிநகர் மீன் மார்க்கெட் வரை போய் வாங்கி வந்து, வறுத்து, மாடிக்குக் கொண்டுபோனேன். தட்டு தொடாமல் திரும்பியது. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

வைட்ஃபீல்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் லெட்யூஸ் கீரை வளர்க்கிறோம். மண் கிடையாது, தேங்காய் நார்த்தூள் நிரப்பிய பைகள்தான். நார்த்தூளில் சத்து இருக்காது. எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து நாம்தான் கொடுக்க வேண்டும். இளம் இலை மஞ்சளானால் புதிதாக வளர்ப்பவர்கள் உரத்தைக் கூட்டுவார்கள். அது தப்பு. இரும்புச்சத்து தொட்டியில் நிறையவே இருக்கும். தண்ணீரின் பிஹெச், அதாவது அமில-கார அளவு, ஆறரையைத் தாண்டிவிட்டால் வேரால் அதை எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இதிலெல்லாம் என்னைவிட யூனிஸ் கெட்டிக்காரி. அப்படிப்பட்டவள் கேசவைக் கல்யாணம் செய்துகொண்டு ஓசூர் போகிறேன் என்றாள். எங்கள் கீரையை ஓட்டல்களுக்குக் கொண்டுபோகும் வண்டிக்காரன் கேசவ். நல்ல பையன்தான். ஆனால் செடிகளை யார் பார்ப்பது? அதனால் அவளை மாடி அறையிலேயே இருக்க வைத்தேன். தாழ்ப்பாளை வெளிப்பக்கம் மாற்றினேன். அவள் மனம் மாறிச் சென்னைக்குப் போய்விட்டதாகக் கேசவிடம் சொன்னேன்.

பையின் அடியில் வடியும் தண்ணீரில் மீட்டரை விட்டு பிஹெச் பார்த்து, அளவைக் கதவுக்கு வெளியே நின்று சொல்வேன். எவ்வளவு அமிலம் விட வேண்டும் என்று உள்ளிருந்து சொல்வாள். பட்டினியில் அந்தக் கணக்கு தப்ப ஆரம்பித்தது.

“அண்ணா, கதவத் தொறண்ணா. யேசப்பா சத்தியமா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

“மொதல்ல சாப்புடும்மா.”

“கீரைக்கு மீட்டர் வுட்டுப் பாக்குறியே, எனக்கும் ஒண்ணு வுட்டுப் பாரேன். சோறு ஏன் எறங்கலன்னு தெரியும்.”

கோபத்தில் சொன்னாள். ஆனால் சரியாகத்தான் சொன்னாள். பிரியாணி, பிளம் கேக் என்று நானும் உரத்தைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் போர்வெல் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், சார். அமிலம் ஊற்றினால் பிஹெச் இறங்கும். சற்று நேரம் விட்டால் மறுபடி ஏறிவிடும். ஏற்றிவிடும் அந்தப் பொருளைத் தீர்த்தால்தான் சொன்ன இடத்தில் நிற்கும். யூனிஸுக்குள்ளும் அப்படி ஏதோ ஒன்று இருந்தது. நான் எவ்வளவு பொறுமையாகப் பேசினாலும், பேசி முடித்ததும் ஜன்னலுக்குப் போய்விடுவாள். அங்கிருந்து பார்த்தால் தூரத்துப் பாலத்தில் மெட்ரோ போவது தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு ரயிலாகப் பார்ப்பாள். அடைமழையில் பாலமே மறைந்துபோன அன்று மட்டும் பாதித் தோசை சாப்பிட்டாள்.

அந்த ஜன்னல்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கொத்தனாரைக் கூப்பிட்டால் கேள்வி கேட்பார். நானே சிமெண்ட் கல் வாங்கி வந்து, ஜன்னலை அடைத்துப் பூசினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, வெளிச்சம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்சு காய்ந்த அன்று காலை, தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுத்தாள்.