ஏழு பேர் விலகும் கட்டணம்

"ஊரிலை சண்டை முடிஞ்சிட்டுது அண்ணை. ஆனா எங்கடை லீக்கை விட்டு விலகத்தான் இருபதாயிரம் குரோனர் கேக்கினம்."

டென்மார்க்கில், ஹேர்னிங்கிலிருந்து ஹொல்ஸ்டெப்ரோ போகும் ரயிலில், எனக்குப் பின் இருக்கையில் இரண்டு பேர். ஊரில் படித்த கல்லூரியின் பெயரில் இங்கே பந்தடிக்கும் அணிக்காரர்கள். கோபன்ஹேகன் லீக்குக்கு மாறப் பார்க்கிறார்கள்.

"அணியிலை எத்தினை பேர் மிச்சம்?"

"ஏழு. அதிலை ரெண்டு பேருக்கு முழங்கால் தேஞ்சிட்டுது. நாங்கள் போனால் லீக் அழிஞ்சிடுமாம்."

"கட்டாட்டி?"

"கோபன்ஹேகனிலை விளையாட விடாயினம். கையிலை இருக்கிறது ஊரிலை அகதி முகாமிலை கிடக்கிற சனத்துக்கெண்டு சேர்த்த காசு."

"உன்ரை அம்மாவும் முகாமிலைதானே?"

"ஓம். அவவுக்குச் சொல்லவேணும், கொஞ்சம் பொறுங்கோ, முதல் லீக்கைக் காப்பாத்துவம் எண்டு."

"இந்த விதியை எழுதின மகான் ஆரடா?"

"எதிர்க் கல்லூரி மாஸ்டர் ஒருத்தராம். ஆள் இருக்கிறாரோ தெரியாது."

"இருப்பார். அப்பிடியான ஆக்களுக்கு ஆயுசு கெட்டி."

இருக்கிறேன். எங்கள் அணி அவர்களை ஒருமுறைகூட வென்றதில்லை. நாங்கள் வெல்லுமுன் அவர்கள் போய்விடக்கூடாது என்பதற்காகவே அந்த விதியை எழுதினேன். லீக் கூட்டத்தில் அதற்கு ஒற்றுமை என்று பெயர் சொன்னேன், கைதட்டினார்கள்.

ஹொல்ஸ்டெப்ரோவில் அவர்கள் இறங்கினார்கள். நானும் அங்கேதான் இறங்க வேண்டும். முகத்துக்கு நேரே பத்திரிகையைப் பிடித்தபடி இருந்தேன். ரயில் என்னை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனது.