பச்சை எது, சிவப்பு எது

— அப்போ இந்த ரெண்டு பாத்தித் தக்காளியும் வேர் அழுகிச் செத்ததுக்கு உங்க ஆப் காரணம் இல்லை, நான்தான் காரணம். அதைச் சொல்லத்தான் ரெண்டு பஸ் மாறி வந்தீங்களாக்கும், இன்ஜினியரம்மா?

— இல்லைங்க ஐயா. என்ன நடந்துச்சுன்னு கேட்கத்தான் வந்தேன். அந்த ஆப்பை வடிவமைச்சதே நான்தான். மண்ணுக்குள்ள நட்டிருக்கிற சென்சார், ஈரம் போதும்னு சொன்னா ஸ்கிரீன் முழுக்கப் பச்சையாகும். காய்ஞ்சுபோச்சுன்னா சிவப்பாகும். போன வாரம் மூணு நாள் பச்சை. மூணு நாளும் நீங்க மோட்டாரைப் போட்டிருக்கீங்க.

— மோட்டார் போட்டதுகூடவா அங்க தெரியுது?

— ஈரம் ஏறுதுல்ல, அதுல தெரிஞ்சுடும். அதுக்கு முந்தின வாரம் நாலு நாள் சிவப்பு. ஒரு சொட்டுத் தண்ணி விடலை நீங்க.

— மறந்திருப்பேன். வயசாகுதுல்ல.

— மறந்தவரு அந்த நாலு நாள்ல நூத்துப் பத்து தடவை ஆப்பைத் திறந்து பார்ப்பாரா?

— வெயில்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

— காலையில ஆறு மணிக்கு ஏதுங்க வெயில்?

— கண்ணாடி பவர் மாறிப்போச்சு. போதுமா?

— கீழ பொடியா ஒரு எழுத்து இருக்கு பாருங்க. அதைக் கொஞ்சம் படிங்களேன்.

— 'ஈரப்பதம் முப்பத்தெட்டு சதவீதம்.' படிச்சுட்டேன். இப்போ நான் ஒண்ணு கேட்கிறேன். முப்பத்தெட்டுன்னா பாஸா, ஃபெயிலா?

— உங்க மண்ணுக்கு பாஸ்தான். முதல்ல அதைத் தெளிவா எழுத்துலதான் போட்டிருந்தேன். பார்க்க அழகா இருக்கட்டுமேன்னு எழுத்தை எடுத்துட்டு வெறும் கலரை வெச்சேன்.

— நல்லா அழகு பண்ணீங்க, போங்க.

— இத்தனை வருஷமா விவசாயம் பார்க்கிறீங்க. மண்ணைக் கையில எடுத்தாலே தெரிஞ்சிடாதுங்களா?

— வாய்க்கால்ல தண்ணி கட்டின வரைக்கும் தெரிஞ்சுது. இந்த வருஷம் சொட்டுக் குழாய் போட்டுட்டோம். மேல மண்ணு காய்ஞ்சே கிடக்கும், அடியில சேறா இருக்கும். என் கை அவ்வளவு ஆழம் போகாதும்மா. அதுக்குத்தானே உங்க சென்சாரை நட்டேன்?

— சரிங்க. அந்தக் கூடையிலேர்ந்து நல்ல பழமா ஒண்ணு எடுத்துத் தர்றீங்களா?

— அதுக்கென்ன. இந்தாங்க.

— முகர்ந்து பார்த்தீங்க, அமுக்கிப் பார்த்தீங்க. கண்ணால பார்க்கவே இல்லையே, ஐயா.

— பழம் பொறுக்கிறது அப்படித்தான்.

— இப்போ கை வைக்காம சொல்லுங்க. நான் கூடையிலேர்ந்து எடுத்த இந்த ரெண்டுல எது பழம், எது காய்?

— எனக்கே பரீட்சை வைக்கிறீங்களா? எந்திரிங்க. உங்க சென்சாரைப் பிடுங்கித் தர்றேன், எடுத்துட்டுக் கிளம்புங்க. தோட்டம் காய்ஞ்சாலும் அழுகினாலும் என் பாடு.

— கோச்சுக்காதீங்க ஐயா. உங்களுக்குப் பச்சையும் சிவப்பும் ஒரே மாதிரி தெரியுதுங்களா?

— யாரு சொன்னா உங்களுக்கு?

— பிறவியிலேயே வர்றதுங்க, எத்தனையோ ஆம்பளைங்களுக்கு இருக்கு. எங்க ஆபீஸ்லயே ஒருத்தருக்கு உண்டு. அவருகிட்ட ஒரு தடவை காட்டியிருந்தாப் போதும். நான் காட்டலை. தப்பு என் மேல.

— அந்தக் கதவைச் சாத்துங்க.

— நம்ம ரெண்டு பேரைத் தவிர இந்த வீட்டுல யாரும் இல்லைங்களே.

— ரெண்டு வருஷமாவே யாரும் இல்லைதான். இருந்தாலும் சாத்துங்க.

— சாத்திட்டேன்.

— ரெண்டாவது படிக்கும்போது ஒரு செடி வரைஞ்சு இலைக்குக் கலர் அடிச்சேன். வாத்தியார் நோட்டைத் தூக்கிக் காட்டி, 'இவன் வீட்டுல இலையெல்லாம் ரத்தம் சிந்துதுடா'ன்னாரு. வகுப்பே சிரிச்சுது. அன்னிக்கு மூடின வாய்தான். அறுபத்திரண்டு வயசாச்சு, ஒருத்தர்கிட்ட மூச்சு விடலை.

— வீட்டம்மாகிட்டகூடவா?

— அவகிட்ட எப்படிச் சொல்ல? 'தக்காளி போடறவன்தான், ஆனா பழமும் காயும் பிரிக்கத் தெரியாது'ன்னா? அவ பறிப்பா, நான் பெட்டியைத் தூக்குவேன். முப்பது வருஷம் அப்படியே ஓடிடுச்சு. புதுத் துணி உடுத்திக்கிட்டு முன்னாடி வந்து நிப்பா. 'இந்தக் கலர் எனக்கு எடுப்பா இருக்கா?'ம்பா. எதையாவது உளறி மாட்டிக்கக் கூடாதேன்னு 'ம்'னு சொல்லிட்டு நகர்ந்துடுவேன். 'செவுத்துகிட்ட கேட்டிருந்தா அது பதில் சொல்லியிருக்கும்'பா.

— ம்.

— இப்போ அவ எங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டா.

— சொல்லுங்க ஐயா.

— ஒரு தடவை அவளுக்குக் கடும் காய்ச்சல். பழம் நிக்குமா? நானே பறிச்சு நாற்பது பெட்டி அனுப்பிவெச்சேன். பாதிக்கு மேல பச்சைக் காய். வியாபாரி வண்டியோட திரும்பி வந்து வாசல்ல நின்னு கத்துறான். தெருவே கூடிடுச்சு. 'எந்தக் குருடு பறிச்சது இதை?'ன்னு கேட்டான்.

— ம்.

— சத்தம் கேட்டு அவ எந்திரிச்சு வந்து, கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாம நிக்கிறா. நான் அவளைக் கை காட்டினேன். 'இவ பறிச்சது, எனக்கு ஒண்ணும் தெரியாது'ன்னேன். என்ன இன்ஜினியரம்மா, உங்க முகத்துல அதிர்ச்சியே காணோம்?

— நீங்க சொல்லுங்க. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்.

— அவ ஒரு வார்த்தை மறுக்கலை. அவன் வாய்க்கு வந்தபடி பேசினான், தலையைக் குனிஞ்சு வாங்கிக்கிட்டா. மறுநாள் பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பினா. 'ஏன் போறே?'ன்னுகூட நான் கேட்கலை. கேட்டா உண்மையைச் சொல்ல வேண்டி வருமே.

— அதுக்கப்புறம் பேசவே இல்லையா?

— பொண்ணு போன் பண்ணுவா. 'சாப்பிட்டியாப்பா?'ன்னு கேட்பா. பின்னாடி இவ இருமுறது கேட்கும். பொண்ணு பேசுறது எதுவும் மண்டையில ஏறாது, அந்த இருமல் ஒண்ணுதான். பொண்ணு வெச்சுட்ட பிறகும் போனைக் காதுலேயே வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன்.

— ஐயா, தண்ணி குடிங்க.

— வேண்டாம். நீங்க எழுதிக்கோங்க. கலரைத் தூக்கிப் போடுங்க. மண்ணு காய்ஞ்சா 'தண்ணி விடு'. ஈரம் இருந்தா 'சும்மா இரு'. அவ்வளவுதான். கொட்டை எழுத்துல.

— 'சும்மா இரு'ன்னு போட்டா மரியாதைக் குறைவா இருக்காதுங்களா?

— அந்த மரியாதையெல்லாம் வெளியாளுக்கு. வீட்டுல என்னை அப்படி அதட்டத்தான் ஆள் இல்லை.

— எழுதிக்கிட்டேன். ஐயா... வெளியில விட மாட்டேன்னு வாக்குக் கொடுத்துட்டு வந்த விஷயம் ஒண்ணு இருக்கு. இனிமே மறைச்சா நான் மனுஷியே இல்லை.

— என்னம்மா?

— கலர் விஷயத்தை நானாக் கண்டுபிடிக்கலை. எங்க ஆபீசுக்கு ஒரு அம்மா போன் பண்ணினாங்க. உங்க பொண்ணு அந்த அம்மாவோட போன்லயும் இந்த ஆப்பைப் போட்டு வெச்சிருக்காங்க. அந்த அம்மா தினம் விடிஞ்சதும் உங்க தோட்டத்தைத்தான் முதல்ல பார்க்கிறாங்களாம். 'காய்ஞ்ச அன்னிக்கு விட்டுடறாரு, ஈரம் இருக்கும்போது பாய்ச்சறாரு. அவருக்குக் கலர் தெரியாதும்மா, எழுத்துல போட்டுக் கொடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னாங்க.

— அவளா? அவளுக்கு... அவளுக்கு எப்போ தெரியும்?

— கல்யாணமான புதுசுல, முதல் தடவை உங்ககூடப் பழம் பறிக்க வந்தாங்களே, அன்னிக்கே தெரியுமாம்.

— அப்போ அந்த வியாபாரி வந்து நின்னப்போ?

— தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டு நின்னாங்க, ஐயா. ஊர் முன்னாடி சொல்லாட்டியும் உள்ள வந்ததும் தன்கிட்டயாவது சொல்லிடுவீங்கன்னு, அந்தக் காய்ச்சலோட விடியிற வரைக்கும் கண்ணை மூடாமக் காத்துக்கிட்டு இருந்தாங்களாம்.