வாலாட்டிங்கிற பேரு

இல்ல தம்பி, நாய்ச் சங்கிலி வாங்க வரல. எங்க வீட்டுல நாயே கிடையாது. உங்க கடைக்கு இணையத்துல ஒரு முகவரி வச்சிருக்கீங்க பாருங்க, வாலாட்டின்னு, அந்தப் பேரைத் திருப்பிக் கொடுத்துடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். கொஞ்சம் உக்காந்துக்கறேன். ரெண்டு பஸ் மாறி வந்தது, முழங்கால் கெஞ்சுது.

ஐயோ, திருடிட்டீங்கன்னு யார் சொன்னா? முறைப்படிதான் எடுத்திருக்கீங்க. நீங்ககூட எடுக்கல, சொன்ன வேலையைத் தானே செஞ்சு முடிக்கற உங்க ஏஐ ஏஜென்ட் எடுத்திருக்கு. கடைக்கு நல்ல பேரா ஒண்ணு பாத்து வாங்கிடுன்னு சொல்லியிருப்பீங்க. நீங்க டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள வாங்கியிருக்கும். சரிதானே? எனக்கு எப்படித் தெரியும்னா, அதுக்குப் படிக்கக் கொடுத்ததே நான்தான்.

சிரிக்காதீங்க, நிஜமாத்தான். இணைய முகவரிக்குன்னு ஒரு பேரைக் கொடுத்தா, அது யார்கிட்டயாவது இருக்கா, காலியா இருக்கான்னு தேடிச் சொல்ற கருவி ஒண்ணு எங்க ஆபீஸ்ல செஞ்சாங்க. மனுஷங்களுக்கு இல்ல, ஏஜென்ட்டுகளுக்கு. அதை எப்படி உபயோகிக்கணும்னு குறிப்பு எழுதறது என் வேலை. இருபது வருஷம் மனுஷங்களுக்கு எழுதினேன், ஒருத்தரும் படிக்கல. இதுங்க ஒரு வரி விடாம படிக்குதுங்க, அதுதான் வம்பே. உதாரணத்துக்குன்னு ஒரு பேர் போட்டா மனுஷன் தாண்டிப் போயிடுவான். இதுங்க அதையும் ஒரு தடவை தேடிப் பாத்துடும். அதனாலதான் எங்க தொழில்ல நிஜப் பேரை உதாரணமா போடவே மாட்டோம். அதுக்குன்னே யாரும் வாங்க முடியாத பேரு ஒதுக்கி வச்சிருக்காங்க. புதுசா சேர்றவங்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்கறது நான். அந்த நானே போட்டேன். ஏற்கெனவே ஒருத்தர்கிட்ட இருக்குன்னு பதில் வர்ற இடத்துல, என் பொண்ணு இணையத்துல வச்சிருந்த வாலாட்டியைப் போட்டேன்.

பெருமைதான், வேறென்ன. அப்போ அவளுக்குப் பதினேழு. எங்க தெருவுல திரியற ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம் வச்சிருந்தா. படம், கூடவே அவ குரல்ல அதோட கதை. எது யாரைக் கடிச்சுது, எது யார் வீட்டுச் செருப்பைத் தூக்கிட்டு ஓடுச்சுன்னு. ஒரு நொண்டி நாய்க்கு இன்ஸ்பெக்டர்னு பேரு. சொல்லும்போதே சிரிச்சுடுவா, பாதி புரியாது. நான் உதாரணமா போட்டேன்னு சொன்னதும், ஏம்மா, உலகத்துல இருக்கற ஏஐ எல்லாம் இனிமே என்னைத்தான் தேடுமான்னு வீடு பூரா குதிச்சா.

இல்லப்பா. அவ இப்ப இல்ல. போன வருஷம் காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேத்தோம், அஞ்சாம் நாள்... விடுங்க. தண்ணியெல்லாம் வேண்டாம். சரி, கொடுங்க.

அவ அப்பாவுக்கு அந்தப் பேஜ்தான் உசுரு. தினம் காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி திறந்துடுவார். இப்ப அவருக்கு ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன், ஒண்ணு மாத்தி ஒண்ணு. ஒன்றரை மாசமா ஸ்க்ரீன் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாங்க. குரலையாவது போட்டு விடேன்னு கெஞ்சினார். நெட் வரலைன்னு வாய் கூசாம பொய் சொன்னேன். வர்ற வியாழக்கிழமை ரெண்டாவது கண்ணுக்கும் கட்டுப் பிரிக்கறாங்க. மனுஷன் மொதல்ல எதைத் திறப்பார், நீங்களே சொல்லுங்க? அங்க போனா உங்க சங்கிலியும் பெல்ட்டும்தான் இருக்கு.

படமும் குரலும் பத்திரமா என்கிட்ட இருக்கு. பேரு மட்டும்தான் இல்ல. வேற பேர்ல போடலாம், ஏன் போடக் கூடாது? ஆனா ஏன் மாத்தினேன்னு கேப்பாரே. அவர் மூஞ்சியப் பாத்து நான் என்ன சொல்றது?

அது எப்படிக் காலியாச்சுன்னா கேக்கறீங்க? வருஷா வருஷம் புதுப்பிக்கணும் தம்பி. குறிப்புல போட்ட பேரு ஏன் போச்சுன்னு ஆபீஸ்ல கேட்டப்போ மறந்துட்டேன்னு சொன்னேன். பாவம், அவங்களும் நம்பிட்டாங்க. மறக்கல. ஆறு தடவை மெயில் வந்துச்சு. ஆறும் எனக்குத்தான் வந்துச்சு, ஆறையும் படிச்சேன்.

தினம் காலையில அவர் போடற அவ சிரிப்புச் சத்தத்துலதான் எனக்கு முழிப்பு வரும். வந்ததும் ஒரு நிமிஷம், பக்கத்து ரூம்ல இருக்காள்னே நெனச்சுடுவேன். அப்புறம் ஞாபகம் வரும். ஒரு வருஷம் தம்பி, ஒரு நாள் விடாம. நிறுத்துங்கன்னு அவர்கிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. அதுவா போயிட்டா அவரும் விட்டுடுவார்னு, புதுப்பிக்காம விட்டேன். போயிடுச்சு. உங்க ஏஜென்ட் என் உதாரணத்தைப் படிச்சுத் தேடியிருக்கு, காலின்னு வந்ததும் எடுத்துடுச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் ஒழுங்கா தூங்கல. காய்ச்சல் வந்தது யார் தப்பும் இல்ல. இது நான் பண்ணினது. வியாழக்கிழமைக்குள்ள ஆகுமா, கொஞ்சம் பாருங்களேன்.