புளிச்ச தண்ணிப் பானை

அந்தத் தடியக் கீழ வெய்யி பொன்னா. ஏனுங்க ஹெல்த் இன்ஸ்பெக்டரே, உங்க ஆளுகிட்டச் சொல்லுங்க. குப்பாயக்கா பானை மேல ஒரு அடி உழுந்துது, அப்பறம் நானு மனுசனா இருக்க மாட்டேன்.

கத்தலைங்க. செரி, கத்தறேந்தான். வாந்திபேதி வந்த ஊரு, ஆத்தோரத்துல நாலு பேரு போயிட்டாங்க, தெரியுமுங்க. கெணத்துல மருந்துப்பொடி போடோணுமா, போடுங்க. நானே எறங்கிக் கலக்கி உடறேன். தண்ணியக் காச்சிக் குடிங்கன்னு நேத்துப் பூராத் தெருத்தெருவாத் தொண்டை கிழிஞ்சது ஆருக்குங்க? எனக்குத்தானே?

சோத்துப் பானைய ஒடைக்கோணும்னு உத்தரவுல எங்க இருக்குது? காட்டுங்க. ஏர் ஓட்டறவன் மகன்னு பாக்கறீங்களா? நானும் பி.எஸ்ஸி.ங்க. எங்க சனத்துல மொத ஆளு.

எங்கையில சொம்பு எதுக்குன்னா? அது கெடக்கட்டும், பொறவு சொல்றேன்.

இது கம்மஞ்சோத்துக்கு ஊத்தற புளிச்ச தண்ணி. அடியில ஒரு சொம்பு எப்பவும் நிறுத்தித்தான் வெப்பாங்க. ஒரு ஊட்டுல கெட்டுப்போனா, அடுத்த ஊட்டுல வாங்கி உறை ஊத்திக்குவாங்க. குப்பாயக்கா கண்ணாலமாகி வந்தப்ப எங்கம்மா பானையில இருந்துதான் மோந்துக்கிட்டுப் போனது இது.

கிருமியா? நீங்க பாத்தீங்களா? நான் பாத்தனுங்க. திருச்சி காலேஜில, மைக்ராஸ்கோப்புல இதே புளிச்ச தண்ணி ஒரு சொட்டு. குச்சிகுச்சியா அத்தனை உசுரு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். இதுகளோட சாதிசனம் நம்ம கொடலுக்குள்ளயே குடியிருக்குதுடா, நல்லதுக இருந்தாக் கெட்டதுக்கு எடம் கொறையும், சீமையில புளிச்ச பாலை மருந்தாவே குடுக்கறாங்கன்னு வாத்தியார் சொன்னாரு. நோட்டுல எழுதியும் வெச்சிருக்கேன். அன்னைக்கு அருவருப்புல மண்டையில ஏறல. போன மாசந்தான் எடுத்துப் படிச்சேன்.

எதுக்குங்க சிரிக்கறீங்க? படிச்சவனே இப்பிடிப் பேசறானேன்னா? படிச்சவன் செஞ்சதச் சொல்றேன், கேளுங்க.

போன ஆடியில பாசாகி வந்த கையோட, எங்கூட்டுப் பானைய வாசல்ல போட்டு நாந்தான் ஒடச்சேன். இதே மாதிரித் தடிதான். உங்களாட்டந்தான் சிரிச்சேன். எங்கம்மா அன்னைக்கு எங்கூடப் பேச்ச நிறுத்துச்சு. அடுத்த மாசம் அக்கா மக சின்னாயிக்குச் சீதபேதி. நாலு வயசு. டப்பா மாவக் காச்சிக் காச்சி ஊத்துனேன், எல்லாத்தையும் கக்குனா. புளிச்ச தண்ணி குடு மாமான்னு மூணு நாளாக் கேட்டா. குடுத்திருந்தாப் பொழச்சிருப்பான்னு சொல்ல மாட்டனுங்க, அதுக்கு எங்கிட்ட ருசுவில்ல. ஆனாக் கேட்டா.

சொம்பு எதுக்குன்னு கேட்டீங்கல்ல. அக்கா இப்ப முழுகாம இருக்குது, மூணு மாசம், வாய்க்கு வேற ஒண்ணும் புடிக்கல. ஒரு வருசங் கழிச்சு இன்னைக்குக் காலையிலதான் எங்கம்மா எங்கிட்ட வாயத் தொறந்துச்சு. குப்பாயி ஊட்டுல ஒரு சொம்பு வாங்கியான்னு.

வழிய உடுங்க. மோந்துக்கறேன்.