சதுப்பில் வாய்க்கால் வெட்டியது யார்?

— பொய் சொல்லாதீங்க, ஆம்ப்ரோஸ் மாமா. அந்தச் சதுப்புப் பக்கமே நீங்க போனதில்லையா?

— எந்தச் சதுப்பு கண்ணு? நியூஃபவுண்ட்லாந்துல ஒரு காலை வெச்சா சதுப்பு, மறு காலை வெச்சா கடல். எதுன்னு சொல்றது?

— இரட்டைக் குளத்துக்கு அந்தாண்ட இருக்கறது. தண்ணி மட்டம் பார்க்க நான் நட்டு வெச்சிருக்கற கம்பிக்குப் பக்கத்துல இது கிடந்துச்சு. ஃபிளாஸ்க் மூடி. உள்ளே ‘ஏ. டால்டன்’னு ஆணியால கீறியிருக்கு.

— இந்த ஊர்ல பாதிப்பேர் டால்டன்தான்.

— ஜெனவீவ் அத்தை, நீங்களாவது கேளுங்களேன்!

— என் வாயைக் கிளறாதே டெய்ட்ரா. நாளைக்கு சர்ச் தோட்ட விருந்து. நான் மாவு பிசையறதா, உங்க மாமன் வழக்கை விசாரிக்கறதா?

— சதுப்புல காய்க்கற பேக்ஆப்பிள் பழம் எங்கே பறிக்கறேன்னு பாதிரியாரே கேட்டாரு. அதுவும் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ள வெச்சு! அவருக்கே சொல்லாதவன் உனக்கா சொல்லுவேன், ஆராய்ச்சி டாக்டரம்மா?

— உங்க பழம் யாருக்கு வேணும்? காரைத் தெற்கே நிறுத்திட்டு, யாரும் பின்னால வராம இருக்கக் குனிஞ்சுக்கிட்டே வடக்கே ஓடற ஆள் நீங்க. ஊரே பார்த்துச் சிரிக்குது. எனக்கு வேண்டியது ஒரே பதில். அங்கே அந்த நாலு சக்கரக் குவாட் வண்டியை ஓட்டினீங்களா? மண்வெட்டி பிடிச்சீங்களா?

— எதுக்குடி இத்தனை கோபம்?

— பஞ்சுப்பாசி செத்துக்கிட்டிருக்கு மாமா! போன வருஷம் ஓரத்துல மட்டும் வெளுத்திருந்துச்சு. நேத்து மிதிக்கறேன், காய்ஞ்ச ரொட்டி மாதிரி நொறுங்குது. தண்ணி ஒரு முழம் இறங்கிப்போச்சு.

— பாசிக்குப் போய் யாராவது ஒப்பாரி வைப்பாங்களா? நாலு மழை பெஞ்சா துளிர்க்கும்.

— அதுதானே கேள்வியே! அதுக்கு வேர் கிடையாது. மழையையும் மூடுபனியையும் குடிச்சே உயிர் வாழற ஜன்மம். வானிலை கெட்டா முதல்ல காட்டிக்கொடுக்கறது அதுதான். ஆனா எவனாவது வாய்க்கால் வெட்டித் தண்ணியை இறக்கியிருந்தா, பாசி மேலயும் தப்பில்லை, வானிலை மேலயும் தப்பில்லை. அப்ப அந்தச் சதுப்புல நான் இத்தனை வருஷம் அளந்தது எல்லாம் செல்லாது. நாளைக்கு என் குழுவுக்குச் சொல்லியாகணும். அதைச் சேர்க்கறதா, தூக்கிப் போடறதா?

— உங்க மாமா ஒரு மாட்டுக்குப் புல் வெட்டவே சோம்பேறி. இவரா வாய்க்கால் வெட்டுவாரு?

— நீ சும்மா இரு ஜெனவீவ். ஏம்மா டெய்ட்ரா... யாருமே வெட்டலேன்னா?

— வெட்டலேன்னா சதுப்பு தானாவே காயுது. கோடை நீண்டுபோச்சு, மூடுபனி குறைஞ்சுபோச்சு. இன்னிக்கு இது. அப்புறம் பக்கத்துல இருக்கறது. அப்புறம் எல்லாம்.

— திரும்பிடாது?

— நம்ம யாரோட ஆயுசுலயும் திரும்பாது. என்ன மாமா? ஏன் டீயை வெச்சுட்டீங்க?

— நான்தான் வெட்டினேன்.

— என்னது!

— வாய்க்கால். குவாட் சேத்துல புதையுதுன்னு வெட்டினேன். போதுமா? தூக்கிப் போடு உன் கணக்கை.

— மாமா! இவ்வளவு நேரம் என்னைப் பைத்தியக்காரியா ஆக்கிட்டு இப்ப சொல்றீங்களா? நாலு பழத்துக்காக! இடுப்பளவு குளிர் தண்ணியில நின்னு நின்னு நான் அளந்தது!

— திட்டிக்கோ. நல்லாத் திட்டிக்கோ.

— எந்தப் பக்கம் வெட்டினீங்க? நேத்து சுத்திச் சுத்தி வந்தேன், என் கண்ணுல படலையே.

— வடக்கால. புதர் மூடியிருக்கும்.

— வடக்கால மேடு மாமா. தண்ணி மேட்டுல ஏறியா ஓடிப்போச்சு?

— அப்ப... கிழக்கு. வயசாச்சு, திசை குழம்புது.

— கிழக்கே பாறை! என்ன விளையாடறீங்களா?

— ஜெனவீவ், அந்த உருட்டுக்கட்டையைக் கீழே வை.

— வைக்க மாட்டேன்! இந்தப் பொண்ணு அழற மாதிரி நிக்குது, இந்த மனுஷன் புளுகு மேல புளுகா அடுக்கறாரு. டெய்ட்ரா, கொட்டகையில போய்ப் பாரு. மூணு கோடையா அந்தக் குவாட்டுக்கு உயிரே இல்லை. கோழி ஏறி முட்டை வைக்குது.

— ஜெனவீவ்!

— என்ன ஜெனவீவ்? நாளைக்கு ஊரே நாக்கைச் சப்புக் கொட்டிட்டு ‘ஆம்ப்ரோஸ் பறிச்ச பழம்’னு தின்னப் போகுதே, அது வடக்கே லாப்ரடார்ல இருந்து என் தங்கச்சி கப்பல்ல போட்டு அனுப்பினது. போன வருஷமும் அப்படித்தான். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான்.

— அப்ப மாமாவோட இடம்?

— உன் கம்பி நிக்குதே, அதேதான். பூக்கறது எல்லாம் கருகிடுது. ஆனாலும் ஆகஸ்ட் வந்தா வாளியைத் தூக்கிட்டுப் போவாரு. ஃபிளாஸ்க்கைத் திறந்து வெச்சுக்கிட்டு, அந்தக் காய்ஞ்ச பாசி மேல சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருப்பாரு. இருட்டினதும் வெறும் வாளியோட பின்வாசல் வழியா வருவாரு.

— ஐயோ மாமா... அப்ப யாரும் வெட்டல. என் கணக்கு எல்லாம் நிஜம்.

— சந்தோஷம்தானே உனக்கு?

— சந்தோஷமா? இதைச் சொல்லியிருக்கலாமே! செய்யாத தப்பை ஏன் தலையில போட்டுக்கிட்டீங்க? லாப்ரடார் பழம்னு தெரிஞ்சா ஊர்ல மானம் போயிடும்னா?

— மானம் கிடக்குது விடு கண்ணு. நான் வெட்டின வாய்க்கால்னா, நாளைக்கே நாலு கூடை மண்ணைப் போட்டு நானே மூடியிருப்பேன் இல்லையா?